சிறிய டீசல் இன்ஜினில் டர்போ பூஸ்ட்டைக் கூட்டுவதும் டீசல் அளவைச் சரிசெய்வதும்

டீசல் இன்ஜினில் சக்தியைத் தருவது டீசல்தான். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று (இந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம்), அந்த டீசல் மிச்சமில்லாமல் எரிய வழி செய்கிறது. ஒரு கிலோ டீசல் எரிவதற்குக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று போதும் என்றாலும், சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் டீசலுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் காற்று முழுவதோடும் அது கலந்துவிடுவதில்லை. நடைமுறையில் காற்று 18 கிலோ அளவுக்குக் கீழே இறங்கினாலே கரும்புகை தலைகாட்டத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் காற்றைக் கூட்ட வேண்டும், அதன் பிறகே டீசலைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்த இன்ஜின்களில்தான் பிஸ்டன் உருகுவதைப் பார்க்கிறோம். கீழே வரும் முறை, போஷ் வி.இ. வகையைப் போன்ற மெக்கானிக்கல் ரோட்டரி டீசல் பம்ப் பொருத்திய டர்போ இன்ஜின்களுக்கானது. சாலையில் ஓடும் வண்டியானால், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த மாற்றத்தை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்ஜினின் உடல்நிலை தெரிந்திருக்க வேண்டும். கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டர்களிலும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் ஒழுகாமல் தெளிக்கின்றனவா, ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் சுத்தமாக உள்ளனவா, கூலண்ட் குறைகிறதா என்று பாருங்கள். டர்போவிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு வரையுள்ள ஹோஸ்களைத் தனியாகச் சோதிப்பது அவசியம். ஒருமுறை பூஸ்ட் ஏறவில்லை என்று, அதைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரோடு அரை நாள் போராடியபின், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில், அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டினாற்போல், விரல்நக நீளத்தில் ஒரு வெடிப்பு இருந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அரை பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவுக்குக் காற்றைக் கொடுத்து, சோப்பு நீர் தடவிப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

அடுத்து இரண்டு கேஜ்கள். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து 'T' வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுப் பூஸ்ட் கேஜையும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டை அளக்கும் கேஜுக்கான ஒரு கே-வகை தெர்மோகப்பிளையும் பொருத்துங்கள். துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத் துளையிடுவதே நல்லது. ஓர் இரும்புத் துகள் உள்ளே தங்கினாலும் டர்பைன் இறக்கைகள் பாழாகிவிடும். இரண்டு கேஜ்களும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட். காற்றழுத்தம் ஆக்சுவேட்டரின் டயஃப்ரமைத் தள்ள, அதன் கம்பி வேஸ்ட்கேட்டைத் திறந்து எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றி வெளியே விடுகிறது. கம்பியின் முனையிலுள்ள கிளிப்பைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, முனையை ஒரு முழுச் சுற்று உள்ளே திருகினால் கம்பி குட்டையாகும். அதைக் கையால் இழுத்துத்தான் மீண்டும் மாட்ட வேண்டியிருக்கும், அந்த இழுவிசைதான் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறப்பதற்குக் காரணம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்துக் கேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி அமைப்பு 0.7 பார் என்றால், உள்பாகங்கள் எதையும் மாற்றாத இன்ஜினில் 1 பார் அளவோடு நிறுத்திக்கொள்வேன். ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடும் குறுக்கு வழி சிலரிடம் உண்டு. பூஸ்ட்டுக்கு எல்லையே இல்லாமல் போய், டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று உடையும்.

அதிக பூஸ்ட் என்றால் அதிகக் காற்று என்று மட்டும் எண்ண வேண்டாம். 30 டிகிரி செல்சியஸ் காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் இரு மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது 1 பார் பூஸ்ட்டுக்கு, ஏற்றும்போது அது சுமார் 125 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எனவே இன்டர்கூலர் இல்லாத இன்ஜினில் பூஸ்ட்டைக் கூட்டுவதைவிட முதலில் இன்டர்கூலரைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது டீசல். பம்பின் பின்புறம், நாசில் குழாய்கள் புறப்படும் இடத்துக்கு அருகில், முழுச் சுமையில் போகும் டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூ லாக் நட்டுடன் இருக்கும். முதலில் ஸ்க்ரூவின் மீதும் பம்பின் மீதும் ஒரே கோடாக அடையாளமிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். நட்டைத் தளர்த்தி எட்டில் ஒரு சுற்று மட்டும் உள்ளே திருப்பி, நட்டை இறுக்கி, ஓட்டிப் பாருங்கள். ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம், சற்று ஏறியிருக்கும். அதை ஐடில் ஸ்க்ரூவால் இறக்கிக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை விட்டும் இன்ஜின் வேகம் இறங்கத் தயங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள், உடனே திருப்பிவிடுங்கள். குழாய் நட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

பம்பின் தலையில் நான்கு ஸ்க்ரூக்களுள்ள மூடிக்குக் கீழே ஒரு டயஃப்ரம் உண்டு. பூஸ்ட் ஏற ஏற அது இறங்கி டீசலைக் கூட்டுகிறது. அதன் அடியிலுள்ள நட்சத்திரச் சக்கரம் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும். இறுக்கம் குறைந்தால் குறைந்த பூஸ்டிலேயே கூடுதல் டீசல் வரும். டயஃப்ரமோடு இணைந்த கூம்பு ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் ஆழம் குறைவாகவும் கடையப்பட்டிருப்பதால், அதைச் சுழற்றினால் முழுப் பூஸ்டில் கிடைக்கும் டீசலின் அளவு மாறும். கழற்றுமுன் இதற்கும் அடையாளம் இடுங்கள்.

எதைத் திருப்ப வேண்டும் என்பதைப் புகையே சொல்லும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கறுத்து, பூஸ்ட் ஏறியதும் தெளிந்தால், டீசல் காற்றுக்கு முந்திவிடுகிறது. நட்சத்திரச் சக்கரத்தை இறுக்குங்கள். பூஸ்ட் முழுதாக ஏறிய பிறகும் கறுப்பு தொடர்ந்தால், ஃபுல் லோடு ஸ்க்ரூவையோ கூம்பையோ பின்வாங்குங்கள். ஆனால் புகை இல்லை என்பதற்காக இன்ஜின் பாதுகாப்பாக இருப்பதாகக் கொள்ளக்கூடாது. சுமையோடு நீண்ட ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் கேஜ் ஏறி நிற்கும் வரை பாருங்கள். ஐந்து விநாடி ஓட்டத்தில் உண்மை தெரியாது. தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமலும், சில விநாடிகள்கூட 750-ஐத் தாண்டாமலும் வைத்துக்கொள்வது என் வழக்கம். பிஸ்டனின் அலுமினியக் கலவை 580 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும். எரிந்த வாயு அதைவிடச் சூடாக இருந்தும் பிஸ்டன் தாங்குவது ஆயிலும் புதுக்காற்றும் அதை இடைவிடாமல் குளிர்விப்பதால்தான்.

எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசலைத் தரும் காமன் ரெயில் இன்ஜினில் இந்த ஸ்க்ரூக்கள் எதுவும் கிடையாது. டீசலும் பூஸ்டும் இ.சி.யு. எனும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியின் கையில் இருப்பதால், ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றினால் சென்சார் கண்டுபிடித்துச் சக்தியைக் குறைத்துவிடும். அங்கே அந்தக் கணினியின் மென்பொருளில் புகை வரம்பையும் பூஸ்ட் வரம்பையும் சேர்த்துத் திருத்தும் ரீமேப்பே வழி. ரெயில் அழுத்தத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

சரிசெய்து முடித்தபின் முதல் 500 கிலோமீட்டரில் கிளாம்புகளை மீண்டும் இறுக்கி, கூலண்ட் அளவைப் பாருங்கள். கிளட்ச் வழுக்கினால் டீசலைக் குறைப்பதா, கிளட்சை மாற்றுவதா என்று அப்போது முடிவு செய்யலாம்.