பைத்தான்3 இணைப்பைத் திருப்பாதீர்கள்: உபுண்டுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகங்களில் உபுண்டு 22.04 போட்ட கணினி என்றால், அதோடு வருவது பைத்தான் 3.10. பாடத்துக்கு 3.12 வேண்டுமென்று அதையும் நிறுவி, ஒரு பெயர் எந்த நிரலைக் குறிக்கும் என்பதை மாற்றும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் 'பைத்தான்3' என்ற பெயரை 3.12-க்குத் திருப்பிவிடுவதுதான் முதல் தவறு. அதன்பின், மென்பொருள் மூலங்களைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி ஓடாது. டெர்மினலே திறக்காமல் போகலாம். ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி நம்பியிருக்கும் ஆப்ட் மாட்யூல் 3.10-க்கென்று கம்பைல் ஆனது, 3.12-ஆல் அதை ஏற்ற முடியாது.

தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டில் மேலக்கால், கீழக்கால் என்ற இரு கால்வாய்களுக்கும் மதகு உண்டு, தண்ணீரை அங்கே திருப்பலாம். மதகில்லாத இடத்தில் கரையைத்தான் வெட்ட வேண்டும். 'ஜாவா' என்ற பெயருக்கு டெபியன், உபுண்டு இரண்டிலும் மதகு உண்டு: பின் (bin) டைரக்டரியிலுள்ள சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு), இடிசி-க்குள் (/etc) இருக்கும் ஆல்டர்நேட்டிவ்ஸ் டைரக்டரிக்குப் போய், அங்கிருந்து அசல் நிரலுக்குப் போகும். பைத்தான்3-க்கு அது கிடையாது. அந்த சிம்லிங்க் பைத்தான்3-மினிமல் பேக்கேஜின் சொத்து. பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அதன் இணைப்பையே திரும்பப் போடும். ஒரே பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள்.

ஏற்கெனவே திருப்பியிருந்தால், கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி, எழுத்து மட்டுமே வரும் கன்சோல் வழியாக உள்ளே போங்கள். சூடோவோடு அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையை 'ரிமூவ்-ஆல் பைத்தான்3' என்று கொடுங்கள். இது இணைப்பையே அழித்துவிடும். எனவே உடனே எல்என் கட்டளையால் பைத்தான்3-ஐ 3.10-க்கு மறுபடி இணைக்க வேண்டும். 3.12-க்கு அதன் முழுப் பெயரால் ஒரு வென்வ் (தனியான பைத்தான் சூழல்) உருவாக்கிக்கொண்டால் போதும்.

'வேறு பேக்கேஜிலும் இருக்கும் ஃபைலை மேலெழுத முயல்கிறது' என்று டிபிகேஜி நிற்கும்போது ஃபோர்ஸ்-ஓவர்ரைட் போடுவது அடுத்த தவறு. ஃபைல் புதிய பேக்கேஜின் பெயருக்கு மாறிவிடும். பிறகு அதை நீக்கினால் ஃபைலும் போய்விடும். பழையதோ பட்டியலில் நிறுவப்பட்டதாகவே நிற்கும். முதலில் 'டிபிகேஜி -S' (பெரிய எழுத்து S) கொடுத்து உரிமையாளரைப் பாருங்கள். இரண்டும் வேண்டுமென்றால் அதற்கென்றே, ஒரு ஃபைலை வேறு பெயருக்கு ஒதுக்கிவைக்கும் டிபிகேஜி-டைவெர்ட் இருக்கிறது. ஏற்கெனவே அடித்து எழுதியிருந்தால், புதியதை நீக்கிவிட்டுப் பழையதை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள்.

ஜாவாவில், நிரலை ஓட்டும் 'ஜாவா'வும் (ரன்டைம்) நிரலைக் கம்பைல் செய்யும் 'ஜாவாசி'யும் (கம்பைலர்) தனித்தனி மதகுகள். கம்பைலர் 17-லும் ரன்டைம் 11-லும் நின்றால் 'கிளாஸ் வெர்ஷன் 61' பிழை வரும். 61 என்பது 17-இன் கிளாஸ் ஃபைல் எண், 11-க்குத் தெரிந்தது 55 வரைதான். அப்டேட்-ஜாவா-ஆல்டர்நேட்டிவ்ஸ் இரண்டையும் சேர்த்துத் திருப்பும். ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோம் மாறி மட்டும் தானாக மாறாது, அதைக் கையால் மாற்றுங்கள்.