மலையகத்தில் குடியேறியவர்கள் நடக்கத் தொடங்குவது எப்படி?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இலங்கை மலையகத்தில் இருக்கிற ஹட்டனுக்கு வந்து எனக்கு மூன்று வருடம் ஆகிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முதல் லீவு நாளிலேயே, ஆதாம் சிகரம் என்றும் சொல்லப்படும் சிவனொளிபாதமலைக்குக் கிளம்பப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் ஒரு மாதம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் நடங்கள். அங்கே பழகினால் பெரிய மலைகள் தானாகக் கைவசமாகும்.

படி 1: காகிதமும் போனும்

சுற்றுலா விசாவில் வேலை பார்க்க முடியாது. வேலைக்கு வருபவர்களுக்கு வதிவிட விசா வேண்டும். அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்தான் தரும். பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்குங்கள். மூன்று எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்: 1990 இலவச ஆம்புலன்ஸ், 119 போலீஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். பள்ளத்தாக்கில் இறங்கினால் சிக்னல் போய்விடும். அதனால் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள்.

படி 2: சொல் பழகுங்கள்

தமிழ்தானே என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். டீ இங்கே தேத்தண்ணி, பிரெட் பாண். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள் லயம். பறித்த இலை கொழுந்து, அதை நிறுக்கும் இடம் மடுவம். செடியை வெட்டிக் கட்டையாக்குவது கவ்வாத்து. 'மலை' என்றால் சிகரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இன்னைக்கு ஆறாம் நம்பர் மலையில கொழுந்து" என்றால் அது தேயிலை நிற்கும் ஒரு பகுதி. "அந்த மலையில மருந்து அடிக்கிறாங்க" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிங்களத்தில் நன்றி சொல்ல 'ஸ்தூதி' போதும். சின்னச் சொல்தான், பஸ் கண்டக்டரின் முகம் மலர்ந்துவிடும்.

படி 3: மழையைப் படியுங்கள்

ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை இங்கேதான் கொட்டும். அந்த மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை, பதுளையில், பெரும்பாலும் வெயில் அடிக்கும். டிசம்பரில் வடகீழ் பருவமழை வந்தால் நிலைமை தலைகீழ். புதிதாக நடப்பவர்களுக்கு ஹட்டன் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு இடி இடிக்கும். மழை தொடர்ந்து பெய்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பிரதேசவாரியாக வெளியிடுகிறது. உங்கள் பகுதி அதில் இருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 4: முதல் நடை

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், பதினொன்றுக்குள் வீடு திரும்புங்கள். தோட்டங்கள் கம்பெனிகளின் பொறுப்பில் இருப்பவை, அதனால் உள்ளே போகும் முன் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. லயத்து வாசலில் நிற்கும் அக்காவிடமோ ஐயாவிடமோ, "இந்தப் பாதை எங்க போகுது? நடந்து போகலாமா?" என்று கேளுங்கள். போகலாமா என்பதோடு, எந்த ஓடையில் பாலம் உடைந்திருக்கிறது, எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தோட்டத்து ரோட்டை விடாதீர்கள். நான் விட்டேன். முதல் வருடம் அக்டோபரில், மதியம் இரண்டு மணிக்குச் செடிகளுக்கு நடுவே ஒரு குறுக்கு வழியில் இறங்கினேன். கீழிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. ஐந்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்துச் செடியும் மறைந்தது. கொழுந்து மூட்டையோடு வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து நின்றார். "இப்படிப் போகாதீங்க தம்பி, ஓடையில தண்ணி கூடிருச்சு. ரோட்டுக்கு வாங்க." நனைந்த மூட்டையோடு முன்னால் நடந்து ரோடு வரை கொண்டுவந்து விட்டார். அவர் வராவிட்டால் அந்த ஓடையில்தான் இறங்கியிருப்பேன். மூட்டம் வந்தால் நின்றுவிடுங்கள், விலகும் வரை இறங்காதீர்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறார்கள். கேட்டுப் பேசினால், "எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்பார்கள். தன் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டு, அந்த ஊரில் இப்போது மழை உண்டா என்று விசாரித்தார். கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் வணிகத்துக்காகத் தேயிலை நடப்பட்டதற்கு முன்பே, கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்திலிருந்தே நம் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து காடு வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். நாம் கால் வைக்கும் ஒவ்வொரு தடமும் அவர்கள் போட்டது.

படி 5: அட்டையும் குளவியும்

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். ஈரப் புல் நுனியில் நூல் அளவுக்கு எழுந்து நின்று தலையை அசைத்துக்கொண்டிருக்கும். காலில் ஏறினால் தெரியாது, காலுறையில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். கால்சட்டையை நீளக் காலுறைக்குள் செருகி, வெளியே சோப்பைத் தேய்த்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்து வழித்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

குளவி அப்படியில்லை. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்தவர்கள் உண்டு. ரீங்காரம் கேட்டால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். கல் எறிவது, புகை போடுவது கூடவே கூடாது. துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

படி 6: இனிப் பெரிய மலை

இரண்டு மூன்று மாதம் இப்படி நடந்தபின் ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள். ரயிலில் பட்டிப்பொலை அல்லது ஒஹியாவில் இறங்கி வண்டி பிடிக்கலாம். உலக முடிவுப் பாறையில் பள்ளம் ஏறத்தாழ 870 மீட்டர். காலை பத்து மணி வாக்கில் மூட்டம் மூடிவிடும் என்பதால் முந்தின நாளே பக்கத்தில் தங்கிவிடுவது நல்லது. வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீட்டர். நாள் கணக்கில் நடக்க ஆசை என்றால் பீக்கோ பாதை இருக்கிறது: கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ஞாயிறுக்கு ஒரு கட்டம் போதும்.

சிவனொளிபாதமலையைக் கடைசியாக வையுங்கள். உயரம் 2,243 மீட்டர், மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர் வழியில் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். அந்த நாட்களில் வழியெல்லாம் விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும், மற்ற மாதங்களில் இருட்டுதான். சனி, ஞாயிறு, போயா தவிர்த்து ஒரு வார நாளில், இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குங்கள். உச்சியில் குளிர் எலும்பைத் தொடும், வியர்த்த சட்டையை மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். சூரியன் வந்ததும் கூட்டம் கிழக்கே பார்க்கும்போது நீங்கள் மேற்கே திரும்புங்கள். மூட்டத்தின் மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்து கிடக்கும்.