மதியம் புதைந்த வண்டி விடியலில் ஏறியது
மார்ச் இறுதியில் தில்லி கரோல் பாக் நண்பர்களோடு அடல் சுரங்கப்பாதை வழியாக இமாச்சலப் பிரதேச மலைகளில் உள்ள லாகுல் பள்ளத்தாக்கின் சிஸ்ஸு கிராமத்துக்குப் போயிருந்தபோது, பனி உருகிய வயலோரப் பாதையில் எங்கள் காரின் முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. சரளைக்கல் கொட்டினோம், டயரில் காற்றைக் குறைத்தோம். இழுக்க வந்த டிராக்டரே வழுக்கியது.

தோண்டியபோதுதான் காரணம் புலப்பட்டது: ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி டங்கென்று மோதி நின்றது. அடிமண் இன்னும் உறைந்தே கிடந்ததால், உருகிய நீர் வடிய வழியின்றி மேல்மண்ணைக் கூழாக்கிக்கொண்டிருந்தது; எவ்வளவு கல் போட்டாலும் அது விழுங்கத்தான் செய்யும்.

வானம் தெளிவான இரவில் அந்தக் கூழும் இறுகிவிடும் என்றார் வீட்டுக்காரப் பெரியவர். சக்கரமும் சேர்ந்து உறையாதிருக்க, மாலையிலேயே ஜாக்கியால் தூக்கிப் பலகை செருகி வைத்தோம். வெயில் படுமுன் வண்டி இலகுவாக ஏறியது, அப்பாடா என்றிருந்தது. கைபிரேக்கை மட்டும் இரவில் போடாதீர்கள், ஈரத்தில் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால் போதும்.