வாலில்லாத சன்ஃபிஷ்ஷை வாண்டுகளுக்கு அறிமுகப்படுத்துறது எப்படி?

கடல்னாலே பசங்களுக்கு சுறா, திமிங்கலம், டால்ஃபின் இந்த மூணும்தான். வித்தியாசமா ஏதாவது காட்டணும்னா சன்ஃபிஷ்ஷை எடுங்க. பெரிய அட்டை ஒண்ணு, சாக்பீஸ், நூல், ஸ்டிக்கர் பொட்டு ஒரு பாக்கெட், ஆளுக்கொரு துணி கிளிப், இது போதும்.

ஸ்டெப் 1: மீனை வெட்டுங்க

அட்டையில சாதாரண மீன் ஒண்ணு வரைஞ்சு பின்பாதியை கத்தரியால வெட்டிடுங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு நீளமா துடுப்பு ஒட்டுங்க, சன்ஃபிஷ் ரெடி. வால் எங்கன்னு உடனே கேப்பாங்க. வால் இருக்க வேண்டிய இடத்துல சும்மா ஒரு விளிம்புதான் இருக்கும், அது திரும்புறதுக்கு, நீந்துறது ரெண்டு துடுப்பையும் ஆட்டித்தான்.

அப்புறம் தரையில சாக்பீஸால 3.25 மீட்டருக்கு ஒரு கோடு போடுங்க. 2021 டிசம்பர்ல அட்லாண்டிக் கடல்ல இருக்கிற அசோர்ஸ் தீவுகள் பக்கம் செத்து மிதந்த ஒரு சன்ஃபிஷ் கிட்டத்தட்ட அவ்ளோ நீளம், எடை 2744 கிலோ! எடை போட்டுப் பார்த்த எலும்பு மீன்கள்லயே அதுதான் பெருசு. திமிங்கலச் சுறா இன்னும் பெருசாச்சேன்னு ஒருத்தன் கேப்பான், சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான்னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 2: பூச்சி ஒட்டுங்க (இதுதான் முக்கியம், அவசரப்படாதீங்க)

சன்ஃபிஷ் மேல 40க்கும் அதிகமான வகை ஒட்டுண்ணிங்க இருக்கும். பொட்டு எல்லாத்தையும் பசங்களையே ஒட்டச் சொல்லுங்க, நூலை துண்டு துண்டா வெட்டி பாதியை அட்டையில செருகி மீதியை தொங்க விடுங்க. நூலுன்னு சும்மா சொல்லல, பெனெல்லான்னு இறாலோட தூரத்து சொந்தம் ஒண்ணு, தலையை மீனோட சதைக்குள்ள புதைச்சுகிட்டு உடம்பை இப்படித்தான் வெளிய தொங்க விடும். இப்ப கேளுங்க: கை இல்ல, உடம்பை வளைக்க முடியாது, நடுக்கடல்ல தேய்ச்சுக்க பாறையும் இல்ல, அரிச்சா என்ன பண்ணும்? கேட்டுட்டு பதில் சொல்லாம இருங்க, அவங்களே யோசிக்கட்டும். குதிக்கும்னு யாராச்சும் சொன்னா கைதட்டுங்க, இவ்ளோ பெரிய மீனு நிஜமாவே தண்ணிக்கு மேல எகிறி விழும், பூச்சியை உதறத்தான்னு ஒரு கருத்தும் இருக்கு.

ஸ்டெப் 3: விளையாட்டு

பாதிப் பேர் பேனர்ஃபிஷ். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீனுங்க, பாலி பக்கத்துல நூசா பெனிடா தீவுல சன்ஃபிஷ் வந்து அசையாம நின்னா கூட்டமா வந்து கொத்தித் தின்னும். ஒரு பையன் அட்டையைப் பிடிச்சுகிட்டு நடக்கணும், அவன் நின்னாத்தான் இவங்க பொட்டை எடுக்கலாம், நகர்ந்தா அவுட்.

மீதிப் பேர் ஆல்பட்ராஸ்ங்கிற பெரிய கடல் பறவை, கையில கிளிப். அட்டையை படுக்க வெச்சா மட்டும் நூலை இழுக்கலாம். ஏன்னா சன்ஃபிஷ் ஜெல்லி மாதிரி பிராணிகளைத் தேடி நூத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு போய் குளிர்ந்துபோயிடும், மேல வந்து ஒருக்களிச்சு படுத்து வெயில் காயும், பார்க்கிறவங்களுக்கு செத்த மீன் மாதிரியே இருக்கும். 2010ல வடமேற்கு பசிபிக்ல லேசான்ங்கிற வகை ஆல்பட்ராஸ் பறவைங்க இந்த மாதிரி சன்ஃபிஷ் பின்னாடியே போய் பெனெல்லாவைப் பிடுங்கித் தின்னதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

ஒண்ணு மட்டும், இதை ஃப்ரெண்ட்ஷிப்னு சொல்லிக்கொடுக்காதீங்க ப்ளீஸ். பறவைக்கு பசி, மீனுக்கு அரிப்பு, ரெண்டுக்கும் வேலை முடியுது, டீல் அவ்ளோதான். பசங்களுக்கு இது நல்லாவே புரியும்.

நேரம் மிச்சம் இருந்தா ஷிமோனோசெகி கதையைச் சொல்லுங்க. ஜப்பான்ல அந்த ஊரு மீன் காட்சியகத்தை 2024 டிசம்பர்ல ரிப்பேருக்காக மூடினதும் அங்க இருந்த சன்ஃபிஷ் சாப்பாட்டை நிறுத்திடுச்சு, ஒட்டுண்ணியா இருக்குமோன்னு கூட சந்தேகப்பட்டாங்க, கடைசியில ஆளுங்க வராததாலயோன்னு ஒரு ஊழியருக்கு தோணி, மனுஷ முகம் ஒட்டின அட்டைகளை தொட்டிக்கு வெளிய வரிசையா வெச்சாங்க, மறுநாளே கொஞ்சம் தேறிடுச்சு. இதைச் சொல்லி முடிச்சதும் மிச்ச அட்டையில அவங்கவங்க முகத்தை வரைய ஆரம்பிச்சுடுவாங்க, ஸ்கெட்ச் பேனாவை முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க.