வெடிமருந்துக் கிடங்கில் காவல்: பொறுப்பேற்கும் முதல் நாளிலிருந்து

ராணுவத்தில் ஓய்வு பெற்று டி.எஸ்.சி. எனும் பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேருகிறவருக்குத் துப்பாக்கி புதிதல்ல. புதிது, புல்லும் விளக்கும் பதிவேடும். 2000 ஏப்ரலில் ராஜஸ்தானின் பரத்பூரில் ராணுவ வெடிமருந்துக் கிடங்கு எரிந்தது, வெட்டாமல் விட்ட காய்ந்த புல்லில் பிடித்த தீயால். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் இந்தப் படையின் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அப்போது மதிலோரத்து மரங்களும் எரியாத விளக்குகளும்தான் கேள்விக்குள்ளாயின.

காவல் மாறும்போது ஆயுதத்தை அப்படியே கைமாற்றாதீர்கள். மணல்மூட்டை அடுக்கிய இடத்தில் குழலை நீட்டி, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, துப்பாக்கியின் தோட்டா அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை எண்ணிய பிறகுதான் கையெழுத்து. டார்ச், வாக்கி டாக்கி இரண்டையும் இயக்கிப் பார்த்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்த செட் பெரும்பாலும் நள்ளிரவில்தான் தெரியவரும்.

வேலியை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள். கம்பியைப் பார்த்தால் மட்டும் போதாது, பிடித்து இழுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பி பார்வைக்கு உறுதியாகவே இருக்கும். மழைக்குப் பின் முதலில் பார்க்க வேண்டியது வேலியின் அடி. மண் அரித்து நாய் நுழையும் அளவுக்கு வழி விழுந்திருந்தால், ஊர்ந்து வருகிற ஆளுக்கும் அது போதும். வடிகாலின் இரும்புச் சட்டத்தைக் காலால் உதைத்துப் பாருங்கள். மதில்மேல் சாயும் கிளையைக் கண்டால் அன்றே எழுதிக் கொடுங்கள்.

இரவில் விளக்கின் வெளிச்சம் வேலிக்கு வெளியே விழ வேண்டும், நீங்கள் அதன் பின்னால் இருட்டில் நிற்க வேண்டும். வெளிச்சத்தை நேராகப் பார்த்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். இரண்டு மணி நேரக் காவல், நான்கு மணி நேர ஓய்வு என்ற முறையைக் குலைத்து நண்பருக்காகச் சேர்த்து நிற்பது அன்பான காரியம்தான், ஆனால் விடியலுக்கு முந்தைய நேரத்தில் தூக்கம் யாரையும் விடாது. ரோந்தின் நேரத்தையும் திசையையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேட்டில் லாரி வந்தால் வெளித்தடுப்பிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஓட்டுநரை இறக்குங்கள். தீப்பெட்டி, லைட்டர், கைப்பேசி எல்லாம் கேட்டிலேயே தங்கட்டும். புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இல்லாத வண்டி உள்ளே போகக்கூடாது. வண்டியின் அடியைக் கண்ணாடியால் பாருங்கள். சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டு, சீலை இழுத்தும் பாருங்கள். தினமும் வரும் ஓட்டுநரிடம்தான் இந்தச் சோதனை தளர்கிறது.

ரோந்து நடக்கும் முன்பே பதிவேட்டில் "எல்லாம் சரி" என்று எழுதி வைக்கும் பழக்கம் மிக ஆபத்தானது. "இரவு 1.40, 17ஆம் கம்பம், விளக்கு எரியவில்லை, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லப்பட்டது" என்று நேரம், இடம், யாருக்குச் சொன்னோம் என்பதோடு எழுதுங்கள். அந்த விளக்கு எரியும்வரை அங்கே கூடுதலாக ஒரு ஆளை நிறுத்தும்படி காவல் தளபதியிடம் கேளுங்கள். கேட்டதையும் நேரத்தோடு பதியுங்கள்.