ஒருமுறை வாசித்தல், திரும்பச் சொல்லவைத்தல்: வீட்டுக் கல்விக்கு ஒரு வழிமுறை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க முடிவெடுத்தபோது, வகுப்பறையை அப்படியே எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். ஆறு மாதத்தில் பிள்ளைகளும் நாங்களும் களைத்துப்போனோம். அப்போது கைகொடுத்தது, இங்கிலாந்தில் வாழ்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறை. நல்ல நூலின் ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும்; கேட்ட பிள்ளை அதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். இதைத் தமிழில், கடலூரில் இருந்துகொண்டு எப்படிச் செய்வது என்பதை எங்கள் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மேசன் உயிருள்ள நூல்கள் என்று சொன்னவை, ஒரு பொருளில் தோய்ந்த ஒருவர் ஈடுபாட்டோடு எழுதியவை. நூலகத்தில் நூலை எடுத்ததும் நடுப்பக்கம் ஒன்றை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்; ஒரு மனிதரோ இடமோ கண்முன் எழுந்தால் எடுத்து வாருங்கள், தகவல் மட்டும் வரிசையாக வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். வரலாற்றுக்கு நான் முதலில் நாடுவது, 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் கண்டதையும் கேட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பு. அதன் நடை பழையது, பிள்ளைகளுக்கு ஒவ்வாத செய்திகளும் உண்டு. ஆகவே முந்தைய இரவே படித்து, சிறு பகுதியாகத் தெரிந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த உழைப்பு வீண்போகாது. அதில் பேசப்படும் தேவனாம்பட்டணம் தாங்கள் மாலையில் விளையாடப் போகும் கடற்கரைதான் என்று தெரிந்ததும் என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை.

ஆறு வயதுக்கு முன்பு திரும்பச் சொல்லும்படி கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆறு வயதில் ஒரு பத்தி போதும். வாசிப்பும் சொல்லுதலுமாகப் பதினைந்து நிமிடத்துக்குள் முடியட்டும். வாசிக்குமுன் வாயில் நுழையாத பெயர்களை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். “இன்னொரு தடவை படிங்கம்மா” என்று கெஞ்சினாலும் அன்பாக மறுத்துவிடுங்கள், ஏனெனில் இரண்டாம் முறை உண்டு என்று தெரிந்த பிள்ளை முதல் முறை காதைக் கொடுப்பதில்லை. பிறகு “எங்கே, சொல்லு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். இந்த முறையிலேயே பெற்றோருக்குக் கடினமான வேலை இதுதான். பிள்ளை ஆளின் பெயரை மாற்றிச் சொல்லும், நடுவில் நிற்கும், முக்கியம் என்று நாம் நினைத்ததை விட்டுவிடும். முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு படியும் உண்டு. நூல் எழுத்துத் தமிழில் இருக்கிறது, பிள்ளையோ பேச்சுத் தமிழில் சொல்கிறது. பெரியவர்கள் உடனே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றில், அவர் தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கிச் சொல்லியும் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் நிறைவடையாத பகுதியை என் ஒன்பது வயது மகளுக்கு வாசித்தேன். அவள் சொன்னாள்: “இவரு படிச்ச புத்தகத்தையெல்லாம் வரிசையா சொல்றாரு. அவரு அவ்ளோதானான்னு கேட்டுட்டாரு. இவருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு.” அந்த நூலில் இல்லாத சொற்கள்தாம், ஆனால் காட்சி முழுதாக அவளிடம் இருந்தது. நான் திருத்தியிருந்தால் அவள் இலக்கணத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருப்பாள். திருத்தாமல் விட்ட சில மாதங்களில் நூலின் சொற்கள் தாமாகவே அவள் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டன. பத்து வயதையொட்டி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துநடை அப்போது எளிதாகக் கைக்கு வரும்.

தேர்வுக்கு என்ன செய்வது என்று உறவினர்கள் கேட்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பதினான்கு வயது நிறைந்தபின் எழுதலாம். கணக்கை மட்டும் தனியாக, நாள் தவறாமல் நடத்திவர வேண்டும்.

பருவத்தோடு சேர்த்து வாசிப்பதற்குப் பழந்தமிழரின் ஆறு பெரும்பொழுதுகளே போதிய சட்டகம். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்றாலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் கரையில் பெருமழை கூதிர் காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அந்த நாள்களில் கடலையும் வெள்ளத்தையும் பற்றிய நூல்களை எடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளை அதையும் திரும்பச் சொல்லட்டும். மார்கழிக்குத் திருப்பாவையின் முப்பது பாடல்கள், நாளுக்கொன்றாக. தையில் வடலூர்த் தைப்பூசத்தை ஒட்டி வள்ளலாரின் வாழ்க்கை, புதுச்சேரியை அடுத்த ஊசுட்டேரிக்குப் போய்வந்து பறவை நூல்கள். கோடைக்குப் பயணக் கதைகள்.

இவற்றோடு இயற்கைக் குறிப்பேடு ஒன்றும் வேண்டும். பிள்ளை நேரில் பார்த்ததை மட்டும் தேதியிட்டு வரைந்து, ஒரு வரி எழுதினால் போதும். படத்தின் அழகை மதிப்பிடாதீர்கள். சென்ற ஆண்டு ஐப்பசி 3ஆம் நாள் விளக்கைச் சுற்றிய ஈசல் இந்த ஆண்டு 9ஆம் நாள்தான் வந்தது என்று, பழைய பக்கத்தைப் புரட்டி என் இளையவன் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னான். அன்றைக்குத் திரும்பச் சொல்ல அதுவே போதுமென்று, வாசிப்பை மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன்.