பள்ளி மாணவரின் சமூக அறிவியல் ஆய்வுக்கு வழிகாட்டுவது எப்படி?

ஆய்வு செய்ய வரும் பள்ளி மாணவரிடம் தலைப்பு இருக்கும், கேள்வி இருக்காது. "சமூக ஊடகமும் இளைஞர்களும்" என்பது தலைப்பு. அதைக் கேள்வியாக்க உதவுவதுதான் வழிகாட்டியின் முதல் வேலை. 12 வாரத் திட்டம் என்றால் முதல் 3 வாரம் இதற்கே போகட்டும்.

யாரை, எங்கே, எந்தக் காலத்தில், எதை அளக்கப் போகிறோம்? இந்த நான்குக்கும் விடை கிடைக்கும்வரை சுருக்கிக்கொண்டே வாருங்கள். "எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இரவு 10 மணிக்குமேல் கைபேசி பார்க்கும் நேரத்துக்கும் அன்று தூங்கும் நேரத்துக்கும் தொடர்பு உண்டா?" என்ற அளவுக்கு வந்துவிட்டால் வேலை தொடங்கலாம். பிறகு ஒன்று கேளுங்கள்: விடை "தொடர்பு இல்லை" என்று வந்தால் ஏற்றுக்கொள்வாயா? முகம் சுருங்கினால், ஏற்கெனவே நம்புவதற்குச் சான்று தேடுகிறார் என்று பொருள். பொறுமையிழந்து கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இரவல் கேள்வியில் ஆர்வம் பாதி வழியில் வற்றிவிடும்.

முன்னாய்வுகளில் ஐந்தாறு கட்டுரைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், என்ன கண்டார்கள்.

தரவு திரட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். பங்கேற்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு அந்தப் பிள்ளையின் சொந்தச் சம்மதமும் தேவை. பள்ளி நிர்வாகத்தின் அனுமதி தனி. ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு இருந்தால் அதன் பரிசீலனைக்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். திரட்டியபின் அனுமதி வாங்கி அதைச் சரிக்கட்ட முடியாது. தற்கொலை எண்ணம், வீட்டில் நடக்கும் வன்முறை போன்றவற்றைக் கேட்கும் வினாப்பட்டியலைப் பள்ளி மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை "எனக்கு இப்படி நடக்கிறது" என்று எழுதினால், எழுதியது யாரென்று தெரியாமல் உதவவும் முடியாது, படித்ததை மறக்கவும் முடியாது. பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். "கால்பந்து அணியில் உள்ள ஒரே மாணவி" என்று எழுதினால் பள்ளியில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

அதிகத் தவறுகள் நடப்பது வினாப்பட்டியலில்தான். "ஆசிரியர்கள் கனிவாகவும் தெளிவாகவும் கற்பிக்கிறார்களா?" என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன, கனிவு உண்டு, தெளிவில்லை என்பவர் எதைக் குறிப்பார்? "கைபேசி படிப்பைக் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்பது விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1–2 மணி, 2–3 மணி என்று கட்டங்கள் போட்டால் சரியாக 2 மணி நேரம் பார்ப்பவருக்கு இரண்டு இடம். "அடிக்கடி" என்பது ஆளுக்கு ஆள் மாறும், "கடந்த 7 நாள்களில் எத்தனை நாள்?" என்று கேட்பது மேல். "வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?" என்பதைவிட "நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்பதற்கு நம்பகமான விடை வரும்.

15 கேள்விக்குமேல் வேண்டாம். விடை வருவதற்கு முன்பே வெற்று அட்டவணைகளை வரையச் சொல்லுங்கள். எந்த அட்டவணையிலும் இடம்பிடிக்காத கேள்வியை அடித்துவிடலாம். ஓர் அட்டவணை நிரம்பக் கேள்வியே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். திரட்டி முடித்தபின் தெரிந்து பயனில்லை. அடுத்து, ஆய்வில் சேராத ஐந்து பேரிடம் முன்சோதனை. அவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, தங்களுக்குப் புரிந்ததைச் சொல்லட்டும். மாணவர் குறுக்கே விளக்கம் சொல்லக் கூடாது. விளக்கம் தேவைப்பட்ட கேள்விகளைத்தான் திருத்த வேண்டும்.

மாதிரியை, அதாவது எல்லோருக்கும் பதிலாக நாம் கேட்கும் சிலரைப் பொறுத்தவரை, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் போட்டு 200 விடை வந்தது என்று மகிழ்வார்கள். ஒரு வகையினரே அதிகம் சேர்வதால் விடை ஒரு பக்கம் சாய்வது, எண்ணிக்கை பெரிதானால் போய்விடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் வெல்வார் என்று அறிய லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் அஞ்சலில் அனுப்பிய மாதிரி வாக்குச்சீட்டுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அது கணித்தது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களை நம்பியதும், விரும்பியவர்கள் மட்டுமே பதில் அனுப்பியதும் அதைக் கவிழ்த்தன. வகுப்புப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 60 பேரைத் தேர்ந்து, விடாமல் பின்தொடர்ந்து 50 விடை வாங்குவது அந்த 200ஐவிட நல்லது. குலுக்கல் மாதிரியிலும் 100 பேர் என்றால் சதவீதத்தில் ஏறத்தாழ 10 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைச் சொல்லிவையுங்கள்.

நேர்காணல் என்றால் ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்; கால அட்டவணையில் பலரும் விடுவது இதைத்தான். எழுதிய பக்கங்களில் இரண்டை மாணவரும் இன்னொருவரும் தனித்தனியே குறியிட்டு (ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று ஓரிரு சொல்லில் குறித்து) ஒப்பிடட்டும். வேறுபடும் இடங்களில் குறியின் வரையறை தெளிவில்லை என்று அறியலாம்.

பகுப்பாய்வில் மூன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். ஏழு பேரில் மூவர் என்பதை "43 சதவீதம்" என்று எழுதவிடாதீர்கள். ஒருவர் மட்டும் மிகப் பெரிய எண் கொடுத்திருந்தால் சராசரியோடு இடைநிலையையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) தரச் சொல்லுங்கள். "கைபேசியால் தூக்கம் குறைகிறது" என்று முடிவு எழுதினால், தூக்கம் வராததால் கைபேசியை எடுத்திருக்கலாமே என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் அதிகமிருந்து இரண்டுமே நடந்திருக்கலாம்.

வாரம் ஒருமுறை 45 நிமிடச் சந்திப்பு போதும். செய்தது, சிக்கியது, அடுத்தது என மூன்று வரி முந்தைய நாளே வந்துவிட வேண்டும். வரைவைத் திருத்தும்போது வாக்கியத்தை மாற்றி எழுதாமல் ஓரத்தில் கேள்வி எழுதுங்கள்: "இது எந்த அட்டவணையிலிருந்து வந்தது?" வரம்புகள் பகுதியில் "மாதிரி சிறியது" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். யார் விடுபட்டார்கள், அதனால் விடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை எழுத வேண்டும். முடிந்ததும் பங்கேற்றவர்களுக்கு ஒரு பக்கத்தில் முடிவுகளைக் கொடுத்து, ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதியில் ஒலிப்பதிவுகளை அழிக்கச் செய்யுங்கள்.